துடுப்பு முளைத்த சோப்பு

கொம்பன்விளையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் கடவுள் மூளை கொடுத்திருந்தார். கொடுத்ததை அவர்கள் அழுக்குப்படாமல் வைத்திருந்தார்கள்.

நாலு பேரில் பால்வண்ணன் கருவாட்டுக் கடைக்குச் சொந்தக்காரன். மற்ற மூன்று பேரும் அதே கடையில் அவனோடு வேலை பார்த்தவர்கள். சுயம்பு அண்ணாச்சி வயதில் மூத்தவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும், அதனால் மற்றவர்கள் அவரை அறிவாளி என்று நம்பினார்கள். கோயில்பிச்சைக்குப் பதில் எதுவும் தெரியாது, ஆனால் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். ஆழ்வார் சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டும் செய்வான். நிறுத்தச் சொல்லும்வரை செய்வான்.

ஒருமுறை சுயம்பு அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி மாத்திரையை இலைக்கு முன்னால் போட்டுவிட்டுச் சாப்பிட்டார், எழுந்து கை கழுவினார். காய்ச்சல் போகவில்லை. மறுநாள் டாக்டரிடம் போய், முன்னால் போட்டுக் கேட்கவில்லை, பக்கவாட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று விசாரித்தார். அன்றிலிருந்து அந்த டாக்டர் கொம்பன்விளைக்காரர்களுக்கு ஊசி மட்டும்தான் போடுகிறார்.

பால்வண்ணனுக்குக் கல்யாண வயது வந்து, நின்று, கால் வலித்து உட்கார்ந்தும்விட்டது. அந்தச் சமயத்தில்தான் அவன் பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். அவள் வளையல் கடையில் நின்று ஒரு பச்சை வளையலைக் கையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வளையல் ஏறவில்லை. கடைக்காரன் சோப்பு நுரை போட்டு ஏற்றினான். வளையல் ஏறியதும் அவள் சிரித்தாள். பால்வண்ணன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தான். கால் சுடுவதே அவனுக்கு வாசலில்தான் தெரிந்தது.

தரகரை அனுப்பினான். தரகர் போய்வந்து, கடைக்குள் ஏறாமல், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு செய்தி சொன்னார். பெண்ணின் அப்பா வைகுண்டத்துக்குச் சம்மதம். ஆவணியில் பெண் பார்க்க வரலாம். பெண் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: மாப்பிள்ளை மேல் கருவாட்டு வாடை அடிக்கக் கூடாது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவாட்டுக்கு வாடை உண்டு என்பதை அன்றுதான் அவர்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். கோயில்பிச்சை ஒரு சாளைக் கருவாட்டை எடுத்து மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சி மோந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தரகர் படித்தவர், பொய் சொல்ல மாட்டார் என்று கடைசியில் நம்பிக்கையின் பேரில் ஒப்புக்கொண்டார்கள்.

பால்வண்ணன் ஊர்க் கடைகளில் விற்கிற சோப்பையெல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்தான். தரகர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று மோந்து பார்த்துவிட்டு, இப்போது ரெண்டு வாடையும் புருசன் பொண்டாட்டி மாதிரிச் சேர்ந்து வருகிறது என்றார்.

தெற்குவிளையில் எஸ்தர் அக்கா வீட்டிலேயே வாசனைச் சோப்பு செய்து விற்றுக்கொண்டிருந்தாள். நாலு பேரும் அவளிடம் போனார்கள். கல்யாண விஷயம் என்று கேட்டதும் அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. அடுப்பே இல்லாமல் செய்கிற குளிர்முறைச் சோப்பு இது என்று சொல்லி, பொறுமையாக எல்லாம் விளக்கினாள். எழுதித் தரட்டுமா என்றும் கேட்டாள். அதற்கு அண்ணாச்சி, நாலு தலை இருக்கும்போது காகிதத்தை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று மறுத்துவிட்டார். வாசனையை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வது, சோப்புக் காரத்தைக் கோயில்பிச்சை, கலக்குவதை ஆழ்வார், சோப்பு காய்கிற விஷயத்தைப் பால்வண்ணன் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருவன் பங்கை அடுத்தவன் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்று, தன் முறை இல்லாதபோது ஒவ்வொருவனும் காதைப் பொத்திக்கொண்டான்.

வாசனையைப் பற்றி அக்கா சொன்னது இதுதான்:

"நாலு எண்ணெய்க்கும் நாலு குணம். எலுமிச்சம்புல் மேல் வாசனை, மூக்குல முதல்ல ஏறும், முதல்ல போயிரும். லாவெண்டர் நடு வாசனை. வெட்டிவேர் அடி வாசனை, கடைசி வரைக்கும் நிக்கும். கிராம்பு இருக்கே, அது அவசரக்காரன். ரெண்டு சொட்டுக்கு மேல விட்டா சோப்பைப் படக்குன்னு கல்லாக்கிப்புடும். நாலையும் அளவாக் கலந்து, மூடி வச்சு, கொஞ்ச நாள் ஒண்ணுக்கொண்ணு பழக விடுங்க."

அக்காவிடம் வாங்கிய நாலு எண்ணெய்ப் புட்டிகளோடு கடைக்கு வந்ததும் அண்ணாச்சி எலுமிச்சம்புல் புட்டியைப் பரணில் வைத்தார். லாவெண்டரை நடுப் பலகையில் வைத்தார். வெட்டிவேரைத் தரையில் வைத்தார். கிராம்பு அவசரக்காரன் என்பதால் அதை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒருவன் பரணிலும் ஒருவன் தரையிலும் இருந்தால் எப்படிப் பழகுவார்கள் என்று கோயில்பிச்சை கேட்டான். நல்ல கேள்வி. நாலு புட்டியையும் இறக்கி, கடைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மற்றதின் பேரையும் ஊரையும் அண்ணாச்சி சொல்லி அறிமுகப்படுத்தினார்.

கோயில்பிச்சைக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது.

"வாயை மூடிக்கிட்டே எப்படி அண்ணாச்சி பழகும்?"

"எனக்குக் கல்யாணமான புதுசுல நானும் உங்க மைனியும் வாயே திறக்கலை. பழகலையா?"

"இப்பம் அவிய வாயைத் திறந்துட்டாவளே."

"அதுக்கப்புறம் யாரு பழகுனா?" என்றார் அண்ணாச்சி.

ஆகவே மூடிகளைத் திறக்கவில்லை. எலுமிச்சம்புல் முதலில் போய்விடும் என்று அக்கா சொன்னதாக அண்ணாச்சி சொன்னதை நினைத்துப் பால்வண்ணனுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் புட்டியின் கழுத்தில் சணல் கட்டி, தராசின் காலோடு முடிச்சுப் போட்டு வைத்தான். காலையில் வந்து பார்த்தபோது புட்டி அங்கேயே இருந்தது. கட்டாமல் விட்டிருந்தால் இந்நேரம் எங்கே போயிருக்குமோ என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள்.

பழகி முடிந்தது. இனி கலக்க வேண்டும். எதை எவ்வளவு விடுவது? காகிதத் துண்டை எண்ணெயில் நனைத்து மோந்து பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். நால்வரும் மோந்து பார்த்தார்கள். கருவாட்டு வாடையே தெரியாத மூக்குகள் அவை. காகித வாடை மட்டும்தான் கொஞ்சம் தெரிந்தது. பால்வண்ணன் சோர்ந்துபோய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். பச்சை வளையல் அவன் கண்முன் வந்து வந்து போனது.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். பிறகு கடைப் பூனையைக் கூப்பிட்டார்.

"பூனைக்குக் கருவாடு பிடிக்கும். பொண்ணுக்குக் கருவாடு பிடிக்காது. அப்படின்னா பூனைக்கு எது பிடிக்காதோ, அதுதான் பொண்ணுக்குப் பிடிக்கும். இதுல தப்பு இருக்கா?"

நால்வரும் தேடினார்கள். தப்பு கிடைக்கவில்லை.

வெட்டிவேர்க் காகிதத்தைக் காட்டினார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டது. லாவெண்டரைக் காட்டினார்கள். பூனை ஒரு அடி தள்ளி உட்கார்ந்தது. எலுமிச்சம்புல்லுக்குத் தும்மியது. கிராம்பைக் காட்டியதும் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே போனது. அதற்குப் பிறகு அது கொம்பன்விளைக்கு வரவில்லை. மாதாகோயில் தெருவில் ஒரு கணக்குப்பிள்ளை வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கிராம்பு முழுப் புட்டி, மற்றது மூன்றும் பேருக்கு ஒவ்வொரு சொட்டு என்று தீர்மானமாயிற்று. கிராம்பு அவசரக்காரன் ஆயிற்றே என்று பால்வண்ணன் தயங்கினான். அண்ணாச்சி அவன் தோளில் கைவைத்து, நமக்கும்தான் கல்யாணம் அவசரம் என்றார். அந்த நியாயம் அவன் நெஞ்சைத் தொட்டது.

அடுத்தது காரம். சோப்புக் காரம் சதையைப் பொசுக்கிவிடும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும், காரத்தைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றவே கூடாது என்று கோயில்பிச்சை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். இது குளிர்முறை ஆனதால் கூலிங்கிளாஸ்தான் போட வேண்டும் என்று அண்ணாச்சி எடுத்துச் சொன்னார். ஆளுக்கொரு கூலிங்கிளாஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்துவிடக் கூடாது என்று கடைக் கதவையும் சாத்தினார்கள். உடனே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எவர்சில்வர் வாளித் தண்ணீரில் ஆழ்வார் காரத்தைப் போட்டான். போட்டதும் கோயில்பிச்சைக்குச் சந்தேகம் வந்தது. காரம் தண்ணீருக்குள் இருந்தால், தண்ணீரும் காரத்துக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் கூடாததைச் செய்துவிட்டோமா? இதைப் பற்றி இருட்டில் நின்று நெடுநேரம் பேசினார்கள். வாளிக்குள் முதலில் குடிவந்தது தண்ணீர், காரம் விருந்தாளி; விருந்தாளி வீட்டுக்குள் இருக்கலாம், வீடு விருந்தாளிக்குள் இருக்க முடியாது என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

அதற்குள் ஆழ்வார் வாளியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். வாளி கொதித்தது. அடுப்பில்லை, தீயில்லை, வெயிலுமில்லை. தண்ணீரில் போட்ட காரம் அப்படித்தான் சுடும் என்று அக்கா சொன்னது கோயில்பிச்சையின் பங்கில் கடைசி வரி. அதற்குள் அவனுக்கு ஞாபகம் நிறைந்துவிட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"காய்ச்சல்," என்றார் அண்ணாச்சி மெதுவாக.

நெற்றியில் ஈரத்துணி போட வேண்டும். ஆனால் வாளிக்கு நெற்றி எது? கைப்பிடி இருக்கிற பக்கம் தலை என்றான் கோயில்பிச்சை. கைப்பிடி ரெண்டு பக்கமும் மாட்டியிருக்கிறது, அப்படியானால் அது காது என்றான் பால்வண்ணன். ரெண்டு காதுக்கும் நடுவில் முன்பக்கம் நெற்றி, பின்பக்கம் பிடரி. எது முன்பக்கம்? வாளி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கூலிங்கிளாஸ் வழியே தெரியவில்லை. கடைசியில் சுற்றிவர ஈரத்துணி கட்டினார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் பால்வண்ணனுக்கு மூச்சு வந்தது.

தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் வாளியில் ஊற்றினார்கள். இனி ஆழ்வாரின் பங்கு. படகிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய துடுப்பை எடுத்துக்கொண்டு, தான் கேட்டதை அவன் சொன்னான்: தடம் தெரியும்வரை நிறுத்தாமல் கலக்க வேண்டும், தடம் தெரிந்ததும் வாசனையை ஊற்ற வேண்டும். கரண்டியிலிருந்து ஒழுகவிட்டால் மேலே கோடு விழும், அந்தக் கோட்டைத்தான் அக்கா தடம் என்றாள். ஆழ்வாரின் தலைக்குள் அந்தக் கோடு விழவில்லை.

"யாரு தடம் அண்ணாச்சி?" என்று கோயில்பிச்சை கேட்டான்.

"கலக்குறவன் தடம்தான். வேற யாரு இங்க வேலை செய்யுதா?"

தரையெல்லாம் கோலமாவு தூவினார்கள். ஆழ்வார் துடுப்பால் கலக்கிக்கொண்டே வாளியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மற்ற மூவரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார்கள். கூலிங்கிளாஸைக் கழற்றக் கூடாது என்பதால் தடம் தெரிய வெகுநேரம் ஆயிற்று. தெரிந்தபோது ஏகப்பட்ட தடம் தெரிந்தது. அதில் ஆழ்வாருடையது எது, பின்னால் போனவர்களுடையது எது என்று பிரிப்பதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் வாளிக்குள் சோப்பு யாரையும் எதிர்பார்க்காமல் தானாகவே பதமாகியிருந்தது. உலகத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

பெருவிரல் வளைந்த ஒரு தடத்தை ஆழ்வாருடையது என்று அண்ணாச்சி அடையாளம் கண்டார். பால்வண்ணன் வாசனையை ஊற்றினான். எலுமிச்சம்புல்லில் ஒரு சொட்டு, லாவெண்டரில் ஒரு சொட்டு, வெட்டிவேரில் ஒரு சொட்டு, கிராம்பில் ஒரு புட்டி.

படக்கென்று ஒரு சத்தம். சோப்பு கல்லானது. துடுப்பு நட்டநடுவில் கொடிமரம் மாதிரி நின்றது. நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டதால் ஆழ்வார் மட்டும் துடுப்பையும் வாளியையும் சேர்த்துத் தரதரவென்று சுற்றிக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பங்கு பால்வண்ணனுடையது. சோப்பைக் கம்பளியால் போர்த்தி, ஒரு மாதம் தூங்க விட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மறுநாள் துண்டு போட்டுவிட்டுத்தான் தூங்க விட வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். தூங்குகிறவனைத் துண்டு போடுவது கொலை என்று பால்வண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் வாளியைத் தன் கட்டிலில் படுக்க வைத்து, துடுப்பு வெளியே நீண்டிருக்கும்படி கம்பளி போர்த்தி, அவன் தரையில் படுத்தான்.

அந்த மாதம் முழுக்கக் கடையில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. நெத்திலி வேண்டும் என்றால் விரலை ஆட்டிக் காட்ட வேண்டும். வாளைக் கருவாடு வேண்டும் என்றால் கையை நீட்டிப் படுக்கப்போட வேண்டும். திருக்கைக் கருவாடு கேட்டு வந்த ஒரு பெரியவர் இரண்டு கையையும் விரித்துப் பறந்து காட்டினார். கழுகு விற்பதில்லை என்று அண்ணாச்சி அவர் காதில் சொல்லி அனுப்பினார்.

மாதம் முடிந்தது. பால்வண்ணன் வாளியருகே உட்கார்ந்து, விடிஞ்சுட்டு என்று சொல்லி மெல்லத் தட்டி எழுப்பினான். வாளியைக் கவிழ்த்ததும் சோப்பு துடுப்போடு வழுக்கிக்கொண்டு வந்தது. வாளி அளவு சோப்பு, அதில் ஆள் உயரத் துடுப்பு. கையால் தூக்கித் தேய்க்க முடியாது. துடுப்புப் பக்கத்தை முற்றத்து மண்ணில் நட்டார்கள். சோப்பு மேலே நின்றது. பால்வண்ணன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வேப்பமரத்தில் உடம்பை உரசும் எருமை மாதிரி அதில் முதுகையும் விலாவையும் உரசிக் குளித்தான். நுரை நன்றாகவே வந்தது. மேனி முழுக்கச் சிவந்து திகுதிகுவென்று எரிந்தது. மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார்.

தரகர் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார். துண்டை எடுத்துவிட்டு மோந்தார். கருவாட்டு வாடை துளிக்கூட இல்லை. பெண் வீட்டுக்குப் புறப்படும்போது பால்வண்ணனுக்கு அவர் ஒரே ஒரு புத்தி சொன்னார்: மாமனார் சொல்வது எதையும் மறுத்துப் பேசாதே.

பெண் வீட்டில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வைகுண்டம் மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். அவர் முகம் இரக்கத்தால் கனிந்தது. கிராம்புத் தைலம் எதற்குப் போடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மாப்பிள்ளைக்குப் பல்வலி போலிருக்கே."

பால்வண்ணனுக்கு முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக இருந்தன. மறுத்துப் பேசக் கூடாது. "ஆமா மாமா," என்றான்.

முறுக்குத் தட்டை உள்ளே எடுத்துப்போய்விட்டார்கள். அதற்குப் பதிலாகக் குழையக் குழைய ஒரு கஞ்சி வந்தது. கஞ்சியைக் கொண்டுவந்தது தங்கபுஷ்பம். அவள் கையில் பச்சை வளையல் இருந்தது. அவள் குனிந்து தம்ளரை வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"எந்தப் பக்கம் வலிக்கு?"

பால்வண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். உலகமே மறந்துபோயிற்று. "நீங்க எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்குச் சரிதான்," என்றான்.

அவள் சிரித்தாள். கொடையில் பார்த்த அதே சிரிப்பு. உள்ளே போய், தன் பேச்சைக் கேட்டு நடக்கிற மாப்பிள்ளை இவர், தனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வைகுண்டத்துக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் முறையென்று ஒன்று இருக்கிறது. சொத்தைப் பல்லோடு மணவறையில் உட்காரக் கூடாது, பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து காட்டுங்கள், அன்றைக்கே நாள் குறிப்போம் என்றார்.

பல் டாக்டர் பால்வண்ணனின் வாயைத் திறந்து பார்த்தார். இவ்வளவு நல்ல பல்லைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லி, பிடுங்க மறுத்துவிட்டார். பால்வண்ணன் கெஞ்சினான். டாக்டர் அசையவில்லை. ஒரு கெட்ட பல் இல்லாத குறையால் தன் கல்யாணம் நின்றுபோகிறதே என்று அவன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டான்.

அப்போது ஆழ்வார், யாரும் சொல்லாமல் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு காரியம் செய்தான். உள்ளே போனான். வாயைத் திறந்தான். நாற்காலியில் சாய்ந்தான். வெகுநாளாக அரித்துக்கிடந்த தன் கடைவாய்ப் பல்லை எடுக்கச் சொல்லி, அதைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு வந்து பால்வண்ணன் கையில் வைத்தான். நண்பர்கள் நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வெற்றிலையில் வைத்து நீட்டிய பல்லை வைகுண்டம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிய வேதனையை வெளியில் காட்டாமல் கஞ்சி குடித்த மாப்பிள்ளையின் பொறுமையை மெச்சினார். அன்றே நாள் குறித்தார். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

தலை தீபாவளி வந்தது. இழந்த பல்லுக்கு ஈடாக மாப்பிள்ளைக்கு ஒரு தங்கப் பல் செய்துவைத்திருந்தார் வைகுண்டம். அதை வாங்கிக்கொண்டு வந்து பால்வண்ணன் கண்ணாடி முன் நின்றான். வாயில் வைக்க இடமில்லை. நால்வரும் கூடிப் பேசினார்கள். மாமனார் ஆசையாகக் கொடுத்ததைப் பெட்டியில் போட்டுப் பூட்டக் கூடாது. பல் எங்கே இல்லையோ அங்கேதான் பல் போக வேண்டும் என்று அண்ணாச்சி முடிவாகச் சொன்னார். பல் டாக்டர் அதை ஆழ்வாரின் கடைவாயில் பொருத்தினார்.

இப்போதெல்லாம் பால்வண்ணன் மாமனார் வீட்டுக்குப் போகும்போது ஆழ்வாரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறான். இருவரும் ஒரே பாயில் ஒட்டி உட்காருகிறார்கள். மாமனார் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் பால்வண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறான். அதே நேரம் ஆழ்வார் காது வரைக்கும் வாயைத் திறக்கிறான். வைகுண்டம் சற்று முன்னால் குனிந்து, ஆழ்வாரின் வாய்க்குள் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் பெருமையாகச் சொல்கிறார்:

"நம்ம மாப்பிள்ளைக்குப் பல்லு எவ்வளவு பொருத்தமா இருக்கு, பாத்தியா?"